மனச்சோர்வில் இருக்கும் பெரியவரின் பகலையும் இரவையும் ஒழுங்குக்குக் கொண்டுவருவது எப்படி

“ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்ல, டாக்டர்” என்றுதான் பல வீடுகளில் பேச்சு ஆரம்பிக்கிறது. தூக்க மாத்திரை எழுதி வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். அந்தப் பெரியவர் பகலில் என்ன செய்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் தெரியும்: காலை எட்டரை வரை படுக்கை, ஒரு காபி, மறுபடி படுக்கை, பதினோரு மணிக்கு இரண்டு இட்லி, டிவி முன்னால் கண்ணயர்வு, மதியச் சாப்பாட்டுக்குப் பின் மூன்று மணி நேரத் தூக்கம், இரவு எட்டு மணிக்கெல்லாம் மறுபடி கட்டில். ஒரு நாளில் பதினைந்து, பதினாறு மணி நேரம் உடம்பு கிடையாகக் கிடக்கிறது. அப்படி ஒரு பகலுக்குப் பிறகு நல்ல தூக்கம் வர வழியே இல்லை. சீர்செய்யும் வேலையைக் காலையில் தொடங்க வேண்டும்.

காரணம் இதுதான். கண் நரம்புகள் ஒன்றையொன்று குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, மூளையில் ஒரு சிறிய நரம்பணுக் கொத்து உடம்பின் கடிகாரமாக வேலை செய்கிறது. உயிரணுக்களுக்குள் இந்தக் கடிகாரம் இயங்கும் விதத்தைக் கண்டறிந்ததற்குத்தான் 2017-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. கண் வழியே வரும் வெளிச்சம் அதை தினமும் திருத்தி வைக்கிறது. சாப்பிடும் நேரம், உடல் அசைவு, மனிதர்களோடு பேசுவது எல்லாம் துணைக்கு நிற்கின்றன. வேலையும் துணையும் இழந்தவருக்கு இந்த அடையாளங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுவிடுகின்றன. மனைவி இருந்தவரை ஆறு மணிக்குக் காபி, எட்டு மணிக்கு டிபன். அவர் போன பிறகு எந்த மணிக்கு எது என்பதே இல்லை. அன்றாட ஒழுங்கு குலைவதே மனச்சோர்வுக்கு வழிவிடலாம் என்ற கருத்தை 1988-ல் எலர்ஸ், ஃப்ராங்க், குப்ஃபர் ஆகிய மூவரும் முன்வைத்தார்கள். மனச்சோர்வு வந்துவிட்டால் இருக்கிற கொஞ்ச ஒழுங்கையும் அது தின்றுவிடும்.

முதலில் மருத்துவரைப் பாருங்கள்

“வயசானா அப்படித்தான்” என்று விட்டுவிடாதீர்கள். முதுமையில் மனச்சோர்வு இயல்பு அல்ல, குணப்படுத்தக்கூடிய நோய். எதிலும் பிடிப்பில்லாமை, அசதி, பசியின்மை, தூக்கக் கோளாறு ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் பார்த்துவிட வேண்டும். பெரியவர்கள் பலர் “மனசு சரியில்லை” என்று சொல்ல மாட்டார்கள். “உடம்பு முடியல”, “வயிறு கனமா இருக்கு”, “கால் குடையுது” என்பார்கள். முதியோருக்கான மனச்சோர்வு அளவீட்டில் 15 கேள்விகள் கொண்ட சுருக்க வடிவம் ஒன்று உண்டு. ஆம், இல்லை என்று பதில் சொல்வதுதான். 5-க்கு மேல் மதிப்பெண் வந்தால் விரிவாகப் பரிசோதிப்பார்கள்.

தைராய்டு, ஹீமோகுளோபின், வைட்டமின் பி12, சோடியம், சர்க்கரை, சிறுநீரகம் ஆகிய பரிசோதனைகளைக் கேட்டு எடுங்கள். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருடம் சாப்பிட்டவருக்கு பி12 குறைந்திருக்கலாம். அந்த அசதியும் மனச்சோர்வைப் போலவே தெரியும். குறட்டைக்கு நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறதா, படுத்ததும் கால்களை அசைத்துக்கொண்டே இருக்கத் தோன்றுகிறதா என்பதையும் சொல்லுங்கள். முன்பு எப்போதாவது தூக்கமே இல்லாமல் அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு சில நாட்கள் இருந்திருந்தால் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அதீத உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறு உள்ளவருக்கு மனச்சோர்வு மருந்தும், விளக்கு வைத்துச் செய்யும் ஒளி சிகிச்சையும் உற்சாகத்தைத் தாறுமாறாகத் தூக்கிவிடக்கூடும்.

வீட்டில் உள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். சிறுநீர் பிரியக் கொடுக்கும் ஃபுரோசமைடை மாலையில் போட்டால் இரவில் நாலு தடவை எழ வேண்டியிருக்கும். காலைக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். மனச்சோர்வு மருந்துகளில் ஃப்ளூவாக்ஸடீன் பலருக்குத் தூக்கத்தைக் கெடுப்பதால் காலையில் தருவார்கள். மிர்டாசபின் தூக்கம் வரவழைக்கும், இரவுக்கு ஏற்றது. தூக்கத்துக்காக அவில் போன்ற அலர்ஜி மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீர்கள். பெரியவர்களுக்கு அது குழப்பத்தையும் சிறுநீர் அடைப்பையும் உண்டாக்கும். பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் தரும் அல்பிரசோலம், குளோனசெபம் மாத்திரைகள் கீழே விழும் ஆபத்தைக் கூட்டுகின்றன. ஆனால் பல மாதம் சாப்பிட்டவர் திடீரென்று நிறுத்தக் கூடாது, மருத்துவர் சொல்படி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். மனச்சோர்வு மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களில் தள்ளாட்டமோ குழப்பமோ வந்தால் உடனே ரத்தத்தில் சோடியம் அளவைப் பாருங்கள். ரத்த அழுத்தத்துக்கு தயசைடு வகை மாத்திரை சாப்பிடுபவருக்கு சோடியம் குறையும் வாய்ப்பு இன்னும் அதிகம்.

கீழே வருவதெல்லாம் சிகிச்சையோடு சேர்த்துச் செய்ய வேண்டியவை. மருந்து வேலை செய்ய நாலிலிருந்து எட்டு வாரம் ஆகும், சிலருக்கு அதற்கும் மேல். அந்த இடைக்காலத்தை வீணாக்காமல் இருக்கத்தான் இந்த ஒழுங்கு.

ஏழு நாள் நோட்டு

முதல் வாரம் எதையும் மாற்ற வேண்டாம், எழுதுங்கள். ஒரு நோட்டில் நாளுக்கு ஒரு பக்கம். காலை 5 மணி முதல் மறுநாள் காலை 5 வரை மணிக்கு ஒரு வரி. ஒவ்வொரு வரியிலும் ஒரு குறி: தூக்கத்துக்குத் ‘தூ’, விழித்தபடி படுத்திருந்தால் ‘ப’, உட்கார்ந்திருந்தால் ‘உ’, நடமாடினால் ‘ந’, வாசலைத் தாண்டி வெளியே போனால் ‘வெ’. பக்கத்தின் அடியில் ஐந்து நேரங்கள்: படுக்கையை விட்டு எழுந்தது, முதன்முதலில் ஒருவரோடு பேசியது, அன்றைய முதல் வேலையைத் தொடங்கியது, இரவுச் சாப்பாடு, படுக்கப் போனது.

மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு தடவையும் மறுநாள் காலை ஒரு தடவையும் நிரப்பினால் போதும். இரவில் மணி பார்த்துக் குறிக்கச் சொல்லாதீர்கள். மணி பார்ப்பதே விழிப்பைக் கூட்டும். “ஒரு ரெண்டு மணி நேரம் தூங்கியிருப்பேன்” என்ற உத்தேசக் கணக்கே போதுமானது. தூக்கத்தைக் கணக்கிடும், கையில் கட்டும் பட்டையை நம்பி இருக்காதீர்கள். விழித்தபடி அசையாமல் படுத்திருப்பதைக்கூட அது தூக்கம் என்று பதிவு செய்துவிடும்; மனச்சோர்வு உள்ளவர் அப்படித்தான் கிடப்பார். காலடிகளை எண்ண மட்டும் அதைப் பயன்படுத்தலாம்.

எட்டாவது நாள் மூன்று கணக்கு போடுங்கள். ஒன்று, 24 மணி நேரத்தில் படுத்திருந்த மொத்த நேரம். இரண்டு, இரவில் தூங்கிய நேரத்தைக் கட்டிலில் கழித்த நேரத்தால் வகுத்து நூறால் பெருக்குங்கள். எட்டரைக்குப் படுத்து காலை ஆறரைக்கு எழுந்தவர் பத்து மணி நேரத்தில் ஐந்தரை மணி நேரம்தான் தூங்கினார் என்றால் 55 சதவீதம். 85-ஐ எட்டினால் நல்லது. மூன்று, வாரத்தில் மிகச் சீக்கிரம் எழுந்த நேரத்துக்கும் மிகத் தாமதமாக எழுந்த நேரத்துக்கும் உள்ள இடைவெளி. ஆராய்ச்சியாளர்கள் கைக்கருவியை வைத்து, ஒருவர் அதிகம் இயங்கிய தொடர்ச்சியான 10 மணி நேரத்தையும் மிகக் குறைவாக இயங்கிய 5 மணி நேரத்தையும் ஒப்பிடுவார்கள். மனச்சோர்வில் இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் சுருங்கிவிடுகிறது. பகல் முழுப் பகலாக இல்லை, இரவும் முழு இரவாக இல்லை. உங்கள் நோட்டிலும் ‘உ’வும் ‘ப’வும் நாள் முழுக்கச் சிதறிக் கிடப்பது கண்ணுக்குத் தெரியும்.

எழும் மணி

இரண்டாவது வாரத்தில் ஒரே ஒரு விஷயம்: எழும் நேரம். தூங்கும் நேரம் நம் கையில் இல்லை, எழும் நேரம் கையில் இருக்கிறது. அவர் இப்போது சராசரியாக எட்டரைக்கு எழுகிறார் என்றால் முதலில் எட்டு மணி. நாலைந்து நாள் நிலைத்தால் ஏழரை, பிறகு ஏழு. முதல் நாளே ஆறு மணிக்கு எழுப்பினால் மூன்றாம் நாள் எல்லாம் பழையபடி ஆகிவிடும். ஞாயிற்றுக்கிழமைக்கும் அதே மணிதான். இரவு தூங்கவில்லை என்றாலும் அதே மணிதான். இந்த விதி உடையும் வீட்டில் மற்ற எதுவும் நிற்பதில்லை.

எழுப்பும் விதம் முக்கியம். “எழுந்திரிக்கிறீங்களா?” என்று கேட்டால் பதில் “வேண்டாம்” என்றுதான் வரும். மனச்சோர்வு காலையில்தான் பலருக்கு மிகக் கனமாக இருக்கும், அப்போது முடிவெடுக்கச் சொல்வது அவருக்குச் சுமை. ஜன்னல் திரையை விலக்கிவிட்டு, “அப்பா, மணி ஏழரை ஆச்சு. காபி ஆத்திட்டேன், வாசல்ல வெச்சிருக்கேன், வாங்க” என்று சொல்லுங்கள். மருமகள் என்றால், “மாமா, நாற்காலி போட்டாச்சு, பேப்பரும் வந்திடுச்சு”. கேள்வி கேட்டே ஆக வேண்டுமானால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்: “காபியா, டீயா?” காபியைக் கட்டிலுக்குக் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். பாசத்தால் செய்யும் இந்த ஒரு காரியம் ஒரு மணி நேரப் படுக்கையைக் கூட்டிவிடுகிறது.

கட்டிலை விட்டு இறங்கும்முன் ஓரத்தில் கால் தொங்கவிட்டு ஒரு நிமிடம் உட்காரட்டும். நிற்கும்போது தலை சுற்றினால், படுத்த நிலையிலும் எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள்ளும் ரத்த அழுத்தம் பாருங்கள். நிற்கும்போது மேல் அளவு 20 புள்ளிக்கு மேல் குறைந்தால் மருத்துவரிடம் சொல்லாமல் நடைப்பயிற்சி தொடங்க வேண்டாம். சர்க்கரைக்கு கிளிமெபிரைடோ இன்சுலினோ எடுப்பவர் தாமதமாக எழுந்து டிபனைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை இறங்கிவிடும். எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் டிபன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிச்சம்

வீட்டுக் கூடத்தில் டியூப் லைட் போட்டாலும் கிடைப்பது 100 முதல் 300 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு). வாசலில் நிழலில் உட்கார்ந்தாலே பல ஆயிரம் லக்ஸ், மேகமூட்டமான நாளிலும் அப்படித்தான். உடம்பின் கடிகாரத்துக்கு இந்த வித்தியாசம் மிகப் பெரியது. நெதர்லாந்தில் 60 வயது கடந்த மனச்சோர்வு நோயாளிகளுக்கு தினமும் அதிகாலை ஒரு மணி நேரம் பிரகாசமான விளக்கு வெளிச்சம் கொடுத்து மூன்று வாரம் நடத்திய ஆய்வு 2011-ல் வெளியானது. மங்கலான விளக்கு பெற்றவர்களைவிட அவர்கள் நன்றாகத் தேறினார்கள். தமிழ்நாட்டில் விளக்குப் பெட்டி வாங்க வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. சூரியன் ஆண்டு முழுக்க ஏறக்குறைய ஐந்தே முக்காலிலிருந்து ஆறே முக்காலுக்குள் உதித்துவிடுகிறது.

எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் அரை மணி வெளியே, திண்ணையோ மொட்டை மாடியோ பால்கனியோ எதுவும் சரி. சூரியனை நேரே பார்க்க வேண்டாம். கறுப்புக் கண்ணாடி வேண்டாம். கண் அறுவை முடிந்து மருத்துவர் போடச் சொன்ன நாட்கள் விதிவிலக்கு. மூடிய கண்ணாடி ஜன்னல் அருகே உட்கார்வது வெளியே உட்கார்வதற்கு ஈடாகாது. கோடையில் எட்டு மணிக்கு மேல் வெயில் ஏறிவிடும், அதற்குள் முடித்துவிடுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் வெளிச்சம் வராத பக்கம் வீடு என்றால் கீழே இறங்கி ஒரு சுற்று வருவதுதான் வழி. கண்புரை முற்றியவருக்கு, கடிகாரத்துக்கு அதிகம் தேவைப்படும் நீல ஒளி விழித்திரைக்குப் போதுமான அளவு போவதில்லை. புரை அறுவையைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தால் தேதி குறித்துவிடுங்கள்.

பகலை நிரப்புவது

இதுதான் கடினமான பகுதி, இதில்தான் பலன் அதிகம். மனச்சோர்வு உள்ளவர் “மனசு வரட்டும், அப்புறம் செய்யறேன்” என்று காத்திருப்பார். மனசு வராது. செய்த பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாக வரும். அதனால் வேலைகளை மனநிலைக்குக் கட்டாமல் மணிக்குக் கட்ட வேண்டும். மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்களே இந்த முறையைச் சொல்லிக்கொடுக்க முடியும் என்பதை கோவாவில் நடந்த ஒரு பெரிய ஆய்வு 2017-ல் காட்டியது. ஆறிலிருந்து எட்டுச் சந்திப்புகளே போதுமாக இருந்தன. குடும்பத்தில் உள்ளவர்களும் இதே அடிப்படையில் செய்யலாம்.

முதலில் நம் பக்கத்தைப் பார்க்க வேண்டும். “நீங்க உக்காருங்கப்பா, நான் பார்த்துக்கிறேன்” என்று சொல்லிச் சொல்லியே பெரியவர் கையில் இருந்த வேலைகளையெல்லாம் வாங்கிவிட்டோம். பால் வாங்குவது, கரண்ட் பில் கட்டுவது, பேரனைப் பள்ளி வேன் ஏற்றுவது, பூ கட்டுவது, அரிசியில் கல் பார்ப்பது. அவற்றில் ஒன்றிரண்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நிஜமான வேலையாக இருக்க வேண்டும். பேருக்கு ஒன்றைக் கொடுத்தால் பெரியவருக்குத் தெரிந்துவிடும், அதைவிட அவமானம் அவருக்கு வேறில்லை.

நாளுக்கு மூன்று போதும்: வீட்டுக்குத் தேவையான ஒன்று, மனிதரோடு சேர்ந்த ஒன்று, முன்பு பிடித்திருந்த ஒன்று. அளவை எப்படி நிர்ணயிப்பது? அவரால் முடியும் என்று நீங்கள் நினைப்பதில் பாதி. கோயிலுக்குப் போவது என்றால் முதல் வாரம் தெருமுனைப் பிள்ளையார் வரை.

முருங்கைக்கீரையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டுக் கீரை, அகலமான தாம்பாளம், முதுகு சாயும் நாற்காலி, வெளிச்சம் விழும் இடம். டிபன் முடிந்த கையோடு, ஒன்பது மணிக்கு. முதல் நாள் முழுக்கட்டு வேண்டாம், நாலு கொத்து போதும், மீதியைப் பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் உருவுங்கள். கை இரண்டும் வேலையில் இருப்பதால் பேச்சும் தானாக வரும், எதிரெதிரே உட்கார்ந்து “என்னம்மா யோசனை?” என்று கேட்டால் வராத பேச்சு அப்போது வரும். பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும், மதியம் தட்டில் கீரை இருக்கும். அம்மா உருவிய கீரை என்று பாராட்டுப் பத்திரம் வாசிக்க வேண்டாம். “நாளைக்கு அரைக்கீரையா, முருங்கையா?” என்று கேட்டால் அதுவே போதும். கை நடுக்கம் இருந்தால் அரிவாள்மனை, கத்தி வேலைகளைத் தவிருங்கள்.

ஒவ்வொன்றுக்கும் முன்னால் “எவ்வளவு கஷ்டமா இருக்கும்னு நினைக்கிறீங்க?” என்று கேட்டு 0 முதல் 10 வரை ஓர் எண் எழுதுங்கள். முடிந்த பிறகு உண்மையில் எவ்வளவு இருந்தது என்று இன்னொரு எண். முன்னால் 8 சொன்னவர் பின்னால் 5 சொல்வது வழக்கம். ஒரு வாரம் கழித்து அந்த எண்களை அவரிடமே காட்டுங்கள். “முடியாதுன்னு மனசு சொல்றது அப்படியே நம்பறதுக்கில்லை” என்பது அறிவுரையாகச் சொன்னால் ஏறாது, அவர் வாயால் சொன்ன எண்ணாக இருந்தால் ஏறும். “சந்தோஷமா இருந்துச்சா?” என்று மட்டும் கேட்காதீர்கள். ஆரம்ப வாரங்களில் பதில் “இல்லை”தான், அதைச் சொல்ல வைப்பதே அவருக்கு வலி.

உடற்பயிற்சி என்று தனியாகப் பெயர் வைக்காமல் நாளுக்குள் நுழையுங்கள். சுவரோடு ஒட்டிய, கைப்பிடியுள்ள நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரட்டும், காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை. சிரமமில்லாமல் வந்தால் பத்துவரை கூட்டலாம். நடை ஐந்து நிமிடத்தில் ஆரம்பித்து மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் கூட்டுங்கள். உலக சுகாதார நிறுவனம் முதியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்பும், மூன்று நாள் சமநிலைப் பயிற்சியும். அதை எட்டப் பல வாரம் ஆகலாம், எட்டாவிட்டாலும் நடந்தவரை லாபம். நெஞ்சு வலி, மூச்சு இரைப்பு வந்தால் நிறுத்திவிட வேண்டும். மாலை ஐந்து மணிக்கு இன்னொரு முறை வெளியே போவது நல்லது. அந்த நேரத்தில்தான் உட்கார்ந்தபடி கண்ணயர்வது அதிகம். தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணமில்லை என்பதால் அம்மாவுக்கு வாரம் ஒருநாள் அக்கா வீட்டுக்கோ சந்தைக்கோ போய் வருவது செலவில்லாத வேலை.

மதியம்

மதியத் தூக்கத்தை அடியோடு ஒழிக்க வேண்டியதில்லை. மூன்று மணிக்குள், முப்பது நிமிடம், அலாரம் வைத்து. கட்டிலைவிட ஈசிசேர் நல்லது. மூன்று மணி நேரம் தூங்குபவரை ஒரே நாளில் அரை மணிக்குக் கொண்டுவர முடியாது, நாலு நாளுக்கு ஒருமுறை அரை மணியாகக் குறையுங்கள். டிவி முன்னால் வரும் கோழித்தூக்கமும் தூக்கக் கணக்கில்தான் சேரும். அதைக் கலைக்க எளிய வழி, சீரியல் இடைவேளையில் எழுந்து தண்ணீர் எடுத்து வரச் சொல்வது. இரண்டு மணிக்குப் பிறகு காபி, டீ வேண்டாம். காஃபீனில் பாதி வெளியேறவே ஏறக்குறைய ஐந்து மணி நேரமாகும், வயதானால் இன்னும் நீளும்.

இரவு

பத்து மணி நேரம் கட்டிலில் கிடந்து ஐந்தரை மணி நேரம் தூங்குபவருக்குத் தேவை குறைந்த கட்டில் நேரம். எழும் மணி நிலைத்த பிறகு, படுக்கும் மணியை வாரத்துக்கு அரை மணி நேரம் தள்ளுங்கள்: எட்டரை ஒன்பதாகும், ஒன்பது ஒன்பதரையாகும். 85 சதவீதம் வந்ததும் அங்கே நிறுத்திவிடலாம். கட்டில் நேரம் ஆறு மணி நேரத்துக்குக் கீழே மட்டும் போகக் கூடாது. வலிப்பு, இருமுனைக் கோளாறு, அடிக்கடி விழுதல் உள்ளவருக்கு இதை மருத்துவர் பார்த்துத்தான் செய்ய வேண்டும்.

தூக்கம் கண்ணைச் சொக்கும்போது மட்டும் கட்டில். இருபது நிமிடம் போல் புரண்டுகொண்டிருந்தால் எழுந்து மங்கிய விளக்கில் நாற்காலியில் உட்காரலாம். ஜபமோ வானொலியில் மெல்லிய பாட்டோ கேட்கலாம். போன் வேண்டாம். விழும் பயம் உள்ளவருக்கு இந்த விதியைத் தளர்த்துங்கள்: கட்டிலிலேயே தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தால் போதும். கழிப்பறைக்குப் போகும் வழியில் தரையளவில் ஒரு சிறிய விளக்கு எரியட்டும், நடைபாதையில் மிதியடி, ஒயர் எதுவும் கிடக்கக் கூடாது. தண்ணீரைப் பகலில் நன்றாகக் குடித்துவிட்டு, படுக்கும் இரண்டு மணி நேரத்துக்கு முன் குறைத்துக்கொள்ளலாம். மாலையில் ‘கொஞ்சமாக’ மது அருந்தும் ஆண்களுக்கு முதல் தூக்கம் வந்துவிடும், இரண்டு மூன்று மணிக்கு விழிப்பு தட்டிவிடும். மருந்துகளோடு சேர்ந்தால் அது ஆபத்தும்கூட.

மூன்று மணிக்கே விழித்துவிடுபவர்

ஏழரை, எட்டுக்கே தூங்கிப்போய் மூன்று மணிக்குத் தானாகவே தெளிவாக விழிப்பவர் வேறு வகை. முதுமையில் கடிகாரம் முன்னோக்கி நகர்வதால் இது நடக்கும். இவருக்கு நாலு, ஐந்து மணிக்கே பளிச்சென்று விளக்கைப் போட்டால் கடிகாரம் இன்னும் முன்னே போய்விடும். அதிகாலையில் மங்கிய வெளிச்சமே இருக்கட்டும், மாலை ஐந்து மணி வெளிச்சத்தில் நீண்ட நேரம் அவரை வெளியே இருக்க வையுங்கள், இரவு ஒன்பதரை வரை கூடத்தில் பேச்சுத்துணை கொடுங்கள். இரவில் தாமதமாகத்தான் தூங்கினார், ஆனாலும் வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் முன்னதாக விழித்துக் கனத்த மனதோடு கிடக்கிறார் என்றால் அது மனச்சோர்வின் அடையாளம். மருத்துவரிடம் அந்த வார்த்தைகளிலேயே சொல்லுங்கள்.

எங்கே சறுக்கும்

பெரும்பாலும் மூன்றாவது வாரத்தில். குடும்பத்தாருக்கு அலுப்பு வரும், பெரியவர் “என்னை ஏன் படுத்தறீங்க?” என்று கோபப்படுவார். வாதாடாதீர்கள், அன்றைக்கு அளவைக் குறையுங்கள். மூன்று வேலை முடியாவிட்டால் ஒன்று, அரை மணி வெளிச்சம் முடியாவிட்டால் பத்து நிமிடம். எழும் மணியை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். நேற்று நன்றாக இருந்தார் என்று இன்றைக்குக் கல்யாணம், வளைகாப்பு என்று நாள் முழுக்க அழைத்துப் போனால் அடுத்த இரண்டு நாள் கட்டிலில்தான் இருப்பார். விசேஷத்துக்குப் போங்கள், இரண்டு மணி நேரத்தில் திரும்புங்கள், மதியத்துக்கு மேல் வேறொன்றும் வைக்காதீர்கள். காய்ச்சல், துக்க வீடு, ஊர்ப் பயணம் எல்லாம் ஒழுங்கைக் கலைக்கும். அது முடிந்த மறுநாளே எழும் மணியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

இன்னொன்று, எல்லாரும் வேலைக்குப் போய்விடும் வீடு. காலை எட்டு முதல் மாலை ஆறு வரை ஆளில்லாத அந்தப் பத்து மணி நேரத்தில் தாளில் எழுதி ஒட்டிவைத்த திட்டம் நடக்காது. பதினோரு மணிக்கு ஒரு போன், நாலு மணிக்குப் பக்கத்து வீட்டு அத்தை ஒரு எட்டு வந்து பார்ப்பது, இந்த இரண்டும் இருந்தால்தான் திட்டம் நிற்கும். போனில் “என்ன பண்றீங்க?” என்பதைவிட “செடிக்குத் தண்ணி ஊத்தியாச்சா? அந்த ரோஜா மொட்டு விரிஞ்சுதா?” என்று கேளுங்கள். பேச்சுத்துணைக்கும் உதவிக்கும் முதியோர் உதவி எண் 14567 இருக்கிறது.

காத்திருக்கக் கூடாதவை

“நான் பாரமா இருக்கேன்”, “போய்ச் சேர்ந்தா தேவலை” என்ற பேச்சைச் சாதாரணமாக எடுக்காதீர்கள். நேராகக் கேளுங்கள்: “அப்பா, உயிரை விட்டுடலாம்னு தோணுதா?” கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. மாத்திரைகளைப் பூட்டி வையுங்கள். கிராமத்து வீடு என்றால் பூச்சிமருந்தை வீட்டை விட்டே அப்புறப்படுத்துங்கள். தனியே விடாதீர்கள். மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416, தமிழ்நாடு அரசின் உதவி எண் 104 இரண்டும் இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். உடனடி ஆபத்து என்றால் 108.

சாப்பாட்டையும் தண்ணீரையும் மறுப்பது, “என் குடல் அழுகிப்போச்சு”, “வீட்டுல காசே இல்ல” என்று இல்லாததை உறுதியாக நம்புவது ஆகியவை தீவிர நிலை. அன்றைக்கே மருத்துவமனை. இரண்டு மூன்று நாளுக்குள் திடீரென்று பகல் முழுக்க மந்தமாகி, கேட்டதற்குப் பொருத்தமில்லாமல் பதில் சொன்னால் அது மனச்சோர்வாக இருக்காது. சிறுநீர்த் தொற்று, நிமோனியா, சோடியம் குறைவு போன்ற ஒன்றால் வந்த குழப்ப நிலையாக இருக்கலாம், அதற்கும் அன்றைக்கே.

ஆறாவது வாரம்

மறுபடி ஒரு வாரம் நோட்டு எழுதி, முதல் வாரத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மனநிலை கடைசியில்தான் மாறும். அதற்கு முன்னால் மாறுவது எழும் நேரத்தின் இடைவெளி, படுத்திருந்த மொத்த நேரம், ‘வெ’ குறிகளின் எண்ணிக்கை, உடல் எடை. பதினாறு மணி நேரப் படுக்கை பதினொன்றாகி, எழும் நேரம் அரை மணிக்குள் நிலைத்திருந்தால் சரியான வழியில் போகிறீர்கள், இதையே தொடருங்கள். ஒழுங்கு வந்தும் மனம் தேறவில்லை என்றால் மருந்தின் அளவையோ வகையையோ மாற்றவோ பேச்சு சிகிச்சை சேர்க்கவோ வேண்டிவரும். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். சென்னை கிண்டியில் முதியோருக்கென்றே தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 முதல் இயங்குகிறது. போகும்போது இரண்டு வாரங்களின் நோட்டுப் பக்கங்களையும் மாத்திரைப் பையையும் கொண்டுபோங்கள். “தூக்கமில்லை” என்ற ஒற்றை வார்த்தைக்குப் பதிலாக எத்தனை மணிக்குப் படுத்தார், எத்தனை மணி நேரம் தூங்கினார், எத்தனை தடவை எழுந்தார், பகலில் எவ்வளவு படுத்தார் என்ற நாலு எண்களையும் முதலிலேயே சொல்லுங்கள்.